'முதலில் உன்னை நேசி' என்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுயமுன்னேற்றப் பேச்சாளர்களுக்கும், உறவுகளைப் பற்றி ஆலோசனை சொல்லும் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் பேச்சை மேடையிலும் காணொளியிலும் நிறையவே கேட்டிருக்கிறேன். அடியும் ஏச்சும் வாங்கிக்கொண்டு ஒரு உறவுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பவரிடம், 'வெளியே வா, உனக்கும் மதிப்பு உண்டு' என்று சொல்கிறீர்களே, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அந்த ஒரு வாக்கியம் சிலருடைய உயிரையே காப்பாற்றியிருக்கும். அதற்கு அடுத்து நீங்கள் சொல்வதைப் பற்றித்தான் எனக்குச் சண்டை.

'உன்னை நீயே நேசிக்காதவரை இன்னொருவரை உன்னால் நேசிக்க முடியாது.' 'முதலில் நீ யார் என்று கண்டுபிடி, உறவெல்லாம் அப்புறம்.' கேட்க நன்றாக இருக்கிறது, கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் தன்னைத் தனக்கே பிடிக்காமல் தவிக்கும் ஒருவர் காதில் இது எப்படி விழும் என்று யோசித்திருக்கிறீர்களா? 'நீ இன்னும் தகுதி பெறவில்லை. சரியாகும்வரை யார் பக்கமும் போகாதே.' இப்படித்தான் விழும். யாருக்கு மனிதத் துணை அதிகம் தேவையோ அவரையே தனியறைக்கு அனுப்பிவிடுகிறது உங்கள் அறிவுரை.

எனக்குள் நானே தேடிப் பார்க்காதவன் அல்ல நான். நாட்குறிப்பு எழுதியிருக்கிறேன், தியானத்தில் உட்கார்ந்திருக்கிறேன், தனியாகப் பயணம் போயிருக்கிறேன். தனிமை எனக்குப் பிடிக்கும். எனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பது அதில் தெளிந்தது. ஆனால் நான் எப்படிப்பட்ட ஆள் என்பதைக் காட்டிக்கொடுத்தவர்கள் மற்றவர்கள்தான். நெடுநாள் தோழி ஒருத்தி போகிற போக்கில், 'உனக்குப் பயம் வந்தா மட்டும்தான் இவ்வளவு ஜோக் அடிப்பே' என்றாள். நாட்குறிப்பில் பக்கம் பக்கமாக எழுதியும் இது எனக்குப் பட்டதே இல்லை. எப்படிப் படும்? நாட்குறிப்பை எழுதியவனும் நான்தானே. அங்கேயும் ஜோக்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டும் அல்ல. உளவியலாளர் சிமின் வஸீர் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதையேதான் பார்த்தது. பதற்றம் போல உள்ளுக்குள் நடப்பவற்றை நாமே நன்றாக அறிகிறோம். அறிவுத்திறன், படைப்பாற்றல் போல நம் பெருமையைத் தொடுகிற குணங்களில் நம் கணிப்பைவிட நண்பர்களின் கணிப்புதான் உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆக, நம்மைப் பற்றிய தகவலில் ஒரு பங்கு நம்மிடம் இல்லவே இல்லை. அது வேறு ஆட்களின் கையில் இருக்கிறது. அவர்களோடு பழகாமல் அதை எங்கே போய் வாங்குவது?

இன்னொன்றும் உண்டு. 'உன்னைக் கண்டுபிடி' என்று சொல்லும்போது, உள்ளே ஏதோ ஒன்று முழுசாக ஒளிந்திருப்பது போலப் பேசுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா படுக்கையில் விழுந்த காலத்தில் என்னிடம் ஒரு பொறுமை வந்தது. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பார். ஒவ்வொரு முறையும் முதல் முறை கேட்பது போலவே பதில் சொல்வேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்கு முன் எத்தனை முறை எனக்குள் தேடியிருந்தாலும் அந்தப் பொறுமை கிடைத்திருக்காது, ஏனென்றால் அது அங்கே இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது, அதனால் உருவானது. காதலிலும் இதுதான் நடக்கிறது. ஒருவர் நம்மை நம்பி ஒரு விஷயத்தைச் சொல்கிறார். அதுவரை ரகசியம் காக்கத் தெரியாத நாம் அன்றைக்குக் காக்கத் தொடங்குகிறோம்.

நீங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோவை. மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் அந்த முக்கோணப் படம் இல்லாத பயிற்சி வகுப்பே இல்லை. (1943இல் அவர் எழுதிய கட்டுரையில் முக்கோணமே கிடையாது, அது பிறகு மற்றவர்கள் வரைந்தது.) சரி, படத்தை விடுங்கள், அவர் சொன்ன வரிசையைப் பாருங்கள். உணவு, பாதுகாப்பு, மூன்றாவதாக அன்பும் சேர்ந்திருத்தலும், அதற்கு மேல் சுயமதிப்பு, கடைசியில்தான் தன்னை முழுமையாக்கிக்கொள்வது. அன்பு கிடைத்த பிறகு சுயமதிப்பு என்றுதான் அவர் அடுக்கினார். அந்த வரிசை எல்லோருக்கும் அப்படியே பொருந்திவிடாது என்று அவரே சொல்லியிருக்கிறார், ஆனால் தலைகீழாக வைக்கச் சொல்லவில்லை. நீங்கள் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே தலைகீழாக வைக்கிறீர்கள்.

உளவியலாளர் எரிக் எரிக்சன் உங்கள் பக்கம் நிற்கிறார், ஒப்புக்கொள்கிறேன். பதின்வயதில் 'நான் யார்' என்ற கேள்வி, அதைக் கடந்த பிறகே நெருக்கமான உறவு என்று அவர் கட்டம் பிரித்தார். ஆனால் பெண்களின் வாழ்க்கையில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே வளர்கின்றன என்று இன்னொரு உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982இல் அவரை மறுத்தார். என்னைக் கேட்டால் ஆண்களுக்கும் அப்படித்தான், ஒப்புக்கொள்வதுதான் இல்லை.

என்னை மிகவும் உலுக்கியது ஒரு குரங்கு ஆய்வு. உளவியலாளர்கள் ஹாரி ஹார்லோவும் ஸ்டீபன் சுவோமியும் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் செய்தது. 1970களின் தொடக்கத்தில் முடிவுகள் வெளிவந்தன. ரீசஸ் குரங்குக் குட்டிகளைப் பிறந்ததிலிருந்து ஆறு மாதம் முழுத் தனிமையில் வைத்தார்கள். இதைப் போலக் கொடுமையான சோதனை குறைவு, இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். வெளியே வந்த குட்டிகள் மூலையில் ஒடுங்கின, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தன, தம்மைத் தாமே கட்டிப்பிடித்துக்கொண்டன. வேறு யாருமே இல்லாத ஒரு உயிர் தன் கையால் தன்னையே இறுகப் பிடித்துக்கொள்கிறது. இதைப் படித்துவிட்டு உங்களுடைய 'உன்னை நீயே அணைத்துக்கொள்' பயிற்சியைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஒத்த வயதுக் குரங்குகளோடு விட்டபோது அவை தேறவில்லை. பிறகு வேறு ஒன்றைச் செய்து பார்த்தார்கள். தனிமையில் வளர்ந்த குட்டிகளைவிடச் சுமார் மூன்று மாதம் இளைய, சாதாரணமாக வளர்ந்த குட்டிகளைக் கூட விட்டார்கள். சின்னக் குட்டிகளுக்கு மிரட்டத் தெரியாது. போய் ஒட்டிக்கொள்ளத்தான் தெரியும். ஒடுங்கிக் கிடந்தவற்றின் மேல் ஏறி ஒட்டிக்கொண்டன. சில வாரங்களில் அவையும் மெல்லத் திருப்பி அணைக்கத் தொடங்கின. மாதங்கள் போகப் போக முன்னும் பின்னும் ஆடுவதும் ஒடுங்குவதும் பெருமளவு குறைந்து, அவையும் மற்றவற்றோடு விளையாடின. தேறிவா, அப்புறம் விளையாடலாம் என்று அங்கே யாரும் காத்திருக்கவில்லை. குரங்கு வேறு, மனிதர் வேறுதான். ஆனாலும் பழைய காயங்களோடு இருந்த சிலர், பொறுமையான ஒரு துணையால், ஒரு ஆசிரியரால், சில சமயம் தாம் வளர்த்த பிள்ளையால் நிமிர்ந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட முதலில் தன்னை நேசித்துவிட்டு அங்கே போகவில்லை.

காதல் முறிந்தவர்களிடம் நீங்கள் சொல்வதையும் கொஞ்சம் யோசியுங்கள். 'அவர் வருவதற்கு முன்பே நீ முழுமையாகத்தானே இருந்தாய்' என்கிறீர்கள். உறவு முறிந்தவர்களுக்குத் தாம் யார் என்பதைப் பற்றிய தெளிவே குறைந்துவிடுகிறது என்றும், அவர்களுடைய வேதனைக்கு அதுவும் ஒரு காரணம் என்றும் 2010இல் எரிகா ஸ்லாட்டரும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். அனுபவப்பட்டவர்களுக்கு இது தெரிந்ததுதான். அவரோடு இருந்தபோது மட்டும் பாடியவன், அவரோடு மட்டும் அரசியல் பேசியவள், எல்லாம் அந்த உறவோடு போய்விடுகிறார்கள். அந்த இழப்பை இழப்பு என்றே சொல்லிவிட்டால் அழவாவது முடியும். 'உனக்கு எதுவும் போகவில்லை' என்று சொன்னால், அழுவதற்கும் வெட்கப்பட வேண்டியிருக்கிறது.

நச்சு உறவு என்று நீங்கள் முத்திரை குத்தும் 'டாக்ஸிக்' விஷயத்துக்கு வருகிறேன். வன்முறையையும் தொடர்ந்த அவமதிப்பையும் முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டேன். அங்கே விலகுவதுதான் சரி. ஆனால் இப்போது சலிப்பூட்டும் அத்தை, கடன் கேட்கும் நண்பன், சோகத்திலேயே இருக்கும் தோழி எல்லோருமே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். 'உன் ஆற்றலை உறிஞ்சுபவரை வெட்டிவிடு' என்று எல்லோரும் வெட்டினால், மனச்சோர்வில் இருப்பவர் பக்கத்தில் யார் மிச்சம் இருப்பார்கள்? நாளை அந்த இடத்தில் நாம் இருந்தால்?

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, 'எனக்கு என்னையே பிடிக்கவில்லை' என்று சொன்னால், கண்ணாடி முன் நிற்கும் பயிற்சியைக் கொடுத்து உட்கார வைத்துவிடாதீர்கள். கடைசியாக யாரோடு மனம்விட்டுப் பேசினீர்கள் என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால், அந்த ஆளை இன்றைக்கே கூப்பிடச் சொல்லுங்கள். பெயரே வரவில்லை என்றால் கூட்டம் முடிந்ததும் அவரோடு பத்து நிமிடம் உட்காருங்கள், ஒரு மனநல ஆலோசகரின் எண்ணைக் கையில் கொடுங்கள். அடுத்த வாரம் நீங்களே ஒரு முறை கூப்பிட்டு விசாரித்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் பேச்சை இன்னமும் கேட்கும் ஒருவன்