நம் மகளிர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அம்மாவுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டம் மே மாதம் மட்டும் நடக்கவில்லை. பாதிப் பேர் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள். சந்தா பாக்கி யார் யார் என்பது அவரவருக்கே தெரியும்.

இந்த ஆண்டு நாம் மெனக்கெட்டதெல்லாம் தாய்ப்பால் விஷயத்தில்தான். முதலில் சறுக்கியதைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம் என்று துண்டறிக்கை அடித்தோம். எழுதியது நான். ‘ஆறு மாதம் வரை பிரத்தியேகத் தாய்ப்பால்’ என்பது தலைப்பு. அங்கன்வாடியில் ஒரு பெண் அதை வாங்கிப் படித்துவிட்டு, “பிரத்தியேகம்னா நான் ஏதாச்சும் தனியாச் சாப்பிடோணுங்களா அக்கா?” என்றாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். இன்னொருத்தி, ஆறு மாதத்தோடு பாலை நிறுத்தச் சொல்கிறோம் என்றே எடுத்துக்கொண்டு நிறுத்தியும்விட்டாள். அது என்னை ரொம்ப உறுத்தியது. மறுமாதம் மாற்றி அடித்தோம்: ‘ஆறு மாதம் வரை பால் மட்டும், தண்ணி கூட வேண்டாம். அப்புறம் சோறு, பருப்போடு ரெண்டு வயசு வரைக்கும், அதுக்கு மேலயும் பால் கொடுக்கலாம்.’

தாய்ப்பால் நல்லது என்று தெரியாத தாய் திருப்பூரில் கிடையாது. பால்மாவு டப்பாவிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. பால்மாவு விற்பனைக்கான 1992 சட்டப்படி போட்டாக வேண்டும், குழந்தைப் படமும் போடக்கூடாது. தமிழ்நாட்டில் பிரசவமெல்லாம் அநேகமாக ஆஸ்பத்திரியில்தான். ஆனாலும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவை இங்கே நூற்றுக்கு 55தான். நாட்டு சராசரி 64.

வீடு வீடாகப் போனதில் எனக்குப் புரிந்தது, பாலை நிறுத்த வைப்பது “பால் பத்தலை” என்ற ஒரு பேச்சுதான். மூன்றாம் வாரம், ஆறாம் வாரம் என்று சில நாட்கள் குழந்தை மணிக்கொரு தரம் அழுது குடிக்கும். வளர்கிற பிள்ளைக்கு அது வழக்கம். உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். இது தெரியாத வீட்டுக்கு டப்பா வந்துவிடும். டப்பாப் பால் குடித்த பிள்ளை மார்பில் குடிப்பது குறையும், பாலும் குறையும். “நான்தான் அப்பவே சொன்னேனே” என்பார் மாமியார்.

கார்த்திகையில் ஒரு வீட்டில் இதே பேச்சு. மூன்று மாதக் குழந்தை, மேஜையில் பிரிக்காத டப்பா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகிறது என்று கேட்டோம். ஏழெட்டுத் துணி நனைகிறது என்றாள் தாய். ஆறுக்கு மேல் போனால் பால் போதுகிறது என்று சொன்னோம், நம்பவில்லை. தாய் சேய் நல அட்டையைக் கேட்டதும் ரேஷன் கார்டோடு பீரோவிலிருந்து எடுத்து வந்தாள். அதிலிருக்கும் எடைக் கோட்டுப் படத்தில் நர்ஸ் எடை பார்த்து வைத்த புள்ளிகள் பச்சைக்குள், அதாவது சரியான எடைக்குள் இருந்தன. அது என்ன கோடு என்று அவளுக்கு யாருமே சொன்னதில்லை. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டார். “ஏறிக்கிட்டேதானுங்களே போகுது?” டப்பா அன்று சாயங்காலமே கடைக்குத் திரும்பியது. கடைக்காரர் முனகிக்கொண்டுதான் காசைக் கொடுத்தாராம்.

அதிலிருந்து கூட்டத்துக்கு மாமியார்களையும் கூப்பிடுகிறோம். சுண்டல் செலவு கூடியது அதனால்தான். பொருளாளர் மன்னிக்க வேண்டும்.

வேலைக்குத் திரும்புகிறவர்கள் விஷயத்தில் நாம் ஜெயிக்கவில்லை. பிரசவ விடுப்புச் சட்டத்தை 2017-ல் திருத்தியதிலிருந்து 26 வாரம் வரை சம்பளத்தோடு விடுப்பு, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம். உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் தைக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் காகிதத்தோடு சரி. ஒரு பனியன் கம்பெனிக்கு இரண்டு முறை மனு கொண்டுபோனோம், வாட்ச்மேனைத் தாண்டவில்லை. பாலைப் பீய்ச்சி எடுத்து வைக்கச் சொல்லிக்கொடுத்தோம்: வெளியே என்றால் நாலு மணி நேரம், நம் வெயிலுக்கு அதுவும் வேண்டாம், ஃபிரிட்ஜில் நாலு நாள், சூடு செய்ய வெந்நீரில் கிண்ணத்தை வைத்தால் போதும். ஒரு பாட்டி அடுப்பில் வைத்துப் பொங்கவிட்டுவிட்டார். பாட்டிக்குச் சொல்லாதது நம் தப்பு.

அடுத்த ஆண்டுக்கு, அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளில் கூட உட்கார்ந்து அட்டையைப் படித்துக்காட்ட இரண்டு பேர் இன்றே பெயர் கொடுக்க வேண்டும். துண்டறிக்கையை இனி நான் எழுதப்போவதில்லை. பிரத்தியேகம் என்றால் என்ன என்று கேட்டவள் தை மாதம் சங்கத்தில் சேர்ந்துவிட்டாள், அவள் எழுதுவாள்.

இப்படிக்கு,
செயலாளர்