ஊஞ்சல் இருந்த இடம்

மஞ்சக்குப்பம், கடலூர்
பங்குனி 6

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் முன்னைக்குப் பரவாயில்லை. அத்தை வீட்டு விசேஷம் நல்லபடியாக முடிந்தது. மொய் உன் பேரிலும் எழுதிவிட்டேன்.

நீ அனுப்பிய தோட்டத்துப் படத்தைப் பார்த்தேன். புல் பழுப்பாகக் கிடக்கிறதே என்று கவலைப்படாதே. நியூ ஜெர்சிக் குளிரில் அந்தப் புல் செத்ததுபோலத்தான் கிடக்கும். ஒரு கொத்தைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார். வேர் பிடித்து நின்றால் உயிர் இருக்கிறது, ஏப்ரலில் பச்சை தட்டிவிடும். கையோடு வந்துவிட்டால்தான் போனது.

அவசரப்பட்டு இறங்கிவிடாதே. பனி உருகின ஈரத்தில் மிதித்தால் மண் இறுகிவிடும், பிறகு வேருக்குக் காற்றும் போகாது, தண்ணீரும் போகாது. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிடித்துப் பார். உருண்டையாகவே நின்றால் பொறு. பொலபொலவென்று உதிர்ந்தால் வாரியை எடுத்துக் காய்ந்த சருகையும் செத்த புல்லையும் வாரு. பாலூர் பண்ணைக்கு உன்னைக் கூட்டிப்போனபோது இதைக் காட்டியிருக்கிறேன். அப்போது உன் கண்ணெல்லாம் டிராக்டர் மேல்தான்.

கார் நிற்கிற ஓரத்தில் புல் தீய்ந்திருக்கிறது. அது நோய் இல்லை. பனிக்காக ரோட்டில் கொட்டுகிற உப்பு. சுனாமிக்குப் பிறகு கடலோரத்து நிலங்களில் நாங்கள் மாரடித்ததும் இதே உப்போடுதான். நல்ல தண்ணீரைக் கட்டி வடித்தோம், மறுபடி கட்டி வடித்தோம், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். உனக்கு அவ்வளவு வேண்டாம். அந்த ஓரத்தில் நாலைந்து தரம் நின்று நிதானமாகத் தண்ணீர் விட்டால் உப்பு கீழே இறங்கிவிடும். ஆனால் நீதான் நின்று விட வேண்டும்.

உரத்தைக் கொட்டிவிடாதே. முதலில் மண் பரிசோதனை. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அதற்குக் கூடம் இருக்கிறது. கார அமில நிலை 6லிருந்து 7க்குள் இருந்தால் சுண்ணாம்பே வேண்டாம். வெட்டும்போது 3 அங்குலத்துக்குக் கீழே போகாதே, ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதே. வளர்ந்துவிட்டது என்று ஒரே நாளில் ஒட்ட வெட்டினால் புல் தாங்காது. நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல் எதையும் தாங்கும். அதைத்தான் அங்கே பெர்முடா என்கிறார்கள். உன் புல் அந்த ஜாதி இல்லை.

நீ அந்த வீட்டை வாங்கிய வருஷம் நான் ஒருத்தர் விடாமல் படத்தைக் காட்டினேன். தானே புயலில் நம் பலா விழுந்தபோது வேரோடு கிடந்ததைப் பார்த்து அழுத பிள்ளை, இன்று அமெரிக்காவில் சொந்த மண் வைத்திருக்கிறான் என்று சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். ஆனால் போன் செய்தால் "எல்லாம் நல்லா இருக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய். பொங்கலுக்குப் பிறகு மருமகள் குரலை அம்மா கேட்கவில்லை.

படத்தில் ஊஞ்சல் இல்லை. அது நின்ற இடத்தில் நாலு குழியும் நடுவில் பாப்பா கால் உரசின வெறும் மண்ணும் தெரிகிறது. பாப்பா பள்ளிக்கூடம் போயிருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம் என்றாள்.

அந்த இடத்தை அப்படியே விட்டுவிடாதே, களை ஏறிவிடும். களை முளைக்காமல் தடுக்கிற மருந்து போடுவதானால் மண் சூடு 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் முன்பே போட வேண்டும். ஆனால் அது நீ போடுகிற புல் விதையையும் முளைக்க விடாது. அதனால் ஊஞ்சல் இருந்த இடத்தில் மருந்து வேண்டாம். மண்ணைக் கிளறி, மக்கின உரம் கலந்து, விதை தூவி, மேல்மண் காயாமல் தினம் லேசாகத் தெளி. ரை புல் ஒரு வாரத்தில் தலைகாட்டும். புளூகிராஸ் இரண்டு, மூன்று வாரம் எடுக்கும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லையே என்று விட்டுவிடாதே தம்பி.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாலு வயதில் நீ விருத்தாசலத்தில் தாத்தா வீட்டில் இருந்தாய். அங்கே பள்ளிக்கூடம் நன்றாக இருந்ததால் அனுப்பினோம் என்றுதான் உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது பொய். அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என் அம்மா பேசின பேச்சுக்கு நான் வாய் திறக்காமல் நின்றேன், அதனால் போனாள். பதினோரு மாதம். இரண்டு மணி நேர பஸ். அவளாக ஒரு கடுதாசி போடட்டும், அப்புறம் போகலாம் என்று இருந்தேன். ஒரு தடவை பஸ் ஏறி வடலூர் வரை போனேன். உனக்கு வாங்கின பிஸ்கட் பொட்டலம் கையில் இருந்தது. போய் என்ன சொல்வது என்று தெரியாமல் அங்கேயே இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கடைசியில் தாத்தாதான் உங்கள் இருவரையும் கொண்டுவந்து விட்டார். வாசலில் என்னைப் பார்த்ததும் நீ அவர் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். வடலூரில் இறங்கியதை இன்றுவரை அம்மாவிடம் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தை இன்று அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பேன்.

நீ எதற்கும் பதில் எழுத வேண்டாம். விதை போட்டால் மட்டும் படம் அனுப்பு.

ஊஞ்சலைக் கழற்றித்தான் வைத்திருக்கிறாய் என்றால் மழையில் போடாதே. போல்ட்டு, நட்டுகளுக்கு எண்ணெய் தடவி எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, ஊஞ்சல் சட்டத்திலேயே மாட்டிவிடு. தனித்தனியாகப் போட்டால் திரும்ப மாட்டும்போது கிடைக்காது.

அப்பா