மாமூத் வாழ்ந்தது புல்வெளியில்

ஆசிரியருக்கு, பனியுக விலங்குகள் பற்றிய உங்கள் அறிவியல் பக்கக் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் கூடவே வந்த படத்தில் ஒரு புல்கூட இல்லாத வெறும் பனியில் மாமூத், அதாவது அழிந்துபோன அந்த மயிரடர்ந்த யானையினம், நிற்கிறது. அவ்வளவு பெரிய உடம்புக்கு அங்கே என்ன தீனி கிடைத்திருக்கும்? சைபீரியாவில் 1901-இல் தோண்டி எடுத்த பெரெசோவ்கா மாமூத்தின் வாயிலேயே மென்ற புல் மிச்சமிருந்தது. குளிரும் வறட்சியும் உண்டு, சரி, ஆனால் அது வாழ்ந்த இடம் பரந்த புல்வெளி.

அருங்காட்சியகம் ஒன்றில் மாமூத்தின் கடைவாய்ப்பல் வார்ப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அம்மிக்கல் போலத் தட்டையாக, வரிவரியாக மேடுகள். புல்லை அரைக்கவே அமைந்த பல் என்பது விரலுக்கே தெரிந்தது. அதே காலத்தில் வாழ்ந்து அழிந்த இன்னொரு யானை போன்ற விலங்கான மாஸ்டடானுக்கோ கூம்பு கூம்பான பல், அது இலையும் சுள்ளியும் தின்றது. பல்லில் உள்ள நுண்கீறல்கள், எலும்பிலுள்ள கார்பன் ஐசோடோப்புகள் (தின்ற தாவர வகையைக் காட்டும், எடையில் வேறுபட்ட கார்பன் அணுக்கள்), மண்ணில் தங்கிய மகரந்தம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஆய்வாளர்கள் இதையெல்லாம் சொல்கிறார்கள். இனி இப்படிப் படம் போடும்போது அந்த விலங்கு என்ன தின்றது, அது எப்படித் தெரியும் என்று பக்கத்திலேயே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள், பிள்ளைகள் முதலில் பார்ப்பது படத்தைத்தான்.