கயல் சேரப்போகும் பள்ளி

சேந்த்-ஆந்த்ரே, ரீயூனியன் தீவு, பிரான்ஸ்
20 ஜூலை 2025

அன்புள்ள செல்வம்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். கரும்பு வெட்டுக் காலம், ரோடெல்லாம் டிராக்டர்.

கயல் ஆகஸ்டில் கொலேஜுக்குப் போகிறாள். இங்கே கொலேஜ் என்றால் நாலு வருஷ நடுநிலைப் பள்ளி, முதல் வருஷம் நம்ம ஊர் ஆறாம் வகுப்புதான். மூன்று மாதமாக வீட்டில் இதே பேச்சு. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குரிய பள்ளியில் பிரெவே (கொலேஜின் கடைசி வகுப்பில் எழுதும் அரசுத் தேர்வு) தேர்ச்சி குறைவு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் அதிகம், எப்படியாவது மாற்றிவிடுங்கள் என்று கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். மல்லிகாவும் கலங்கிப்போனாள்.

சரி என்று உட்கார்ந்து விவரங்களைப் பார்த்தேன். இந்த 2025 தேர்வு வரை பிரெவே மொத்தம் 800 புள்ளி, 400 எடுத்தால் பாஸ். அதில் பாதியைப் பள்ளி ஆசிரியர்களே வருஷம் முழுக்கப் பார்த்துப் போட்டார்கள். அதனால் எழுத்துத் தேர்வின் சராசரியைத் தனியாகப் பார்க்க வேண்டும். அப்புறம், 80 பிள்ளைகள் எழுதுகிற பள்ளியில் நாலு பேர் தவறினாலே 5 சதவீதம் இறங்கிவிடும். ஒரு வருஷக் கணக்கை வைத்துப் பள்ளியை எடைபோட முடியாது.

இங்கே கல்வி அமைச்சகம் ஒரு நல்ல காரியம் செய்கிறது. ஆறாம் வகுப்பில் நுழையும்போது பிள்ளை வாங்கிய மதிப்பெண், வயது, குடும்ப நிலை எல்லாவற்றையும் வைத்து, இப்படிப்பட்ட பிள்ளைகள் வேறு இடத்தில் படித்தால் எவ்வளவு எடுப்பார்கள் என்று கணக்கிட்டு, அந்தப் பள்ளியின் நிஜ முடிவோடு ஒப்பிட்டு வெளியிடுகிறார்கள். ஆறாவதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியில் கடைசி வகுப்பு வரை வந்தார்கள் என்பதும் அதில் உண்டு. நம்ம ஊரில் ஒன்பதாவதிலேயே டிசி கொடுத்து அனுப்பிவிட்டு, பத்தாவதில் நூற்றுக்கு நூறு என்று பேனர் கட்டுவார்களே, அந்த வேலை இந்தக் கணக்கில் செல்லாது.

அப்படிப் பார்த்தால் எங்கள் பள்ளி எதிர்பார்த்ததற்கு மேலே நிற்கிறது. அந்தப் பக்கத்துப் பள்ளி கொஞ்சம் கீழே. எனக்கே ஆச்சரியம்.

ஆனால் என் மனசு மாறியது எதிர்வீட்டுப் பையனைப் பார்த்துத்தான். வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் மட்டும் பேசுகிறவன். ஆறாவதில் சேர்ந்தபோது வரிக்குக் கீழே விரலை நகர்த்தி, ஒவ்வொரு பிரெஞ்சு வார்த்தையாக முனகித்தான் வாசிப்பான். வாரம் இரண்டு நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு டீச்சர் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னாராம், இரண்டு வருஷம். இந்த மாதம் அவன் பாஸ். பட்டியலில் அது ஒரே ஒரு பாஸ். அவன் அம்மா எங்கள் வாசலில் நின்று அழுதாள்.

கயலை இங்கேயே சேர்க்கிறோம்.

உன் பள்ளியில் ஆறாவதில் சேரும்போது வைக்கிற பரீட்சையின் மதிப்பெண்களை எடுத்து வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதே பிள்ளைகளின் பத்தாவது மதிப்பெண்ணோடு வைத்துப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
ரவி