டாக் கோடு வரையும் முன்: பெரோவ்ஸ்கைட் ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஹாலைடு பெரோவ்ஸ்கைட் (சூரிய மின்கலங்களில் பயன்படும் ஒருவகைக் குறைகடத்திப் படிகம்) ஆய்வுக்கு நெறியாளராக இருக்கும் உங்களிடம் ஒரு கோரிக்கையோடு எழுதுகிறேன். உட்கவர் நிறமாலையிலிருந்து (எந்த ஆற்றலில் எவ்வளவு ஒளி உட்கவரப்படுகிறது என்ற அளவீடு) ஆற்றல் இடைவெளியை, அதாவது எலக்ட்ரான் கட்டுண்டிருக்கும் இணைதிறன் பட்டைக்கும் அது தடையின்றி ஓடும் கடத்தும் பட்டைக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாட்டைக் கணக்கிடும்போது, நேர்கோடு பொருத்தி அதைப் படித்தெடுக்கும் டாக் வரைபடத்தோடு நின்றுவிடாதீர்கள். எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற காலியிடமான துளையும் பிணைந்த இணையான எக்ஸிட்டானையும் கணக்கில் சேர்க்க மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பெனெத்தில்அம்மோனியம் லெட் அயோடைடை எடுத்துக்கொள்வோம். அடுக்கடுக்காக அமையும் பெரோவ்ஸ்கைட் இது. கண்ணாடித் துண்டில் ஸ்பின் கோட் செய்து (கரைசலை ஊற்றிச் சுழற்றிப் பூசி) ஹாட் பிளேட்டில் காயவைத்தால் ஆரஞ்சு கலந்த மஞ்சள் படலம் கிடைக்கும்; புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும். நிறமாலைமானியில் வைத்தால் 515 நானோமீட்டரை ஒட்டிக் கூர்மையான உச்சி ஒன்று எழும். ஆற்றல் கணக்கில் அது ஏறத்தாழ 2.4 எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று பிடித்தபடியே உருவாகும் எக்ஸிட்டானின் உச்சி அது. உண்மையான இடைவெளி அதற்கும் மேலே, சில நூறு மில்லி எலக்ட்ரான் வோல்ட் தள்ளி இருக்கிறது.

நம் ஆய்வகங்களில் அடுத்து நடப்பது உங்களுக்கே தெரியும். உட்கவர் குணகத்தை ஃபோட்டான் ஆற்றலால் பெருக்கி வர்க்கப்படுத்துகிறார்கள். உச்சியின் செங்குத்தான இடப்பக்கச் சரிவில் ஒரு நேர்கோட்டைப் பொருத்தி, அது கிடை அச்சைத் தொடும் இடத்தை இடைவெளி என்று எழுதிவிடுகிறார்கள். கோடு மிக நன்றாகவே பொருந்தும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் பொருந்தியது எக்ஸிட்டானின் சரிவோடு; இடைவெளியை அந்தக் கோடு தொடவே இல்லை.

இந்தப் பிழை ஒரு எண்ணோடு முடிவதுமில்லை. ஒளியெலக்ட்ரான் நிறமாலையில் இணைதிறன் பட்டையின் இடத்தைக் கண்டுபிடித்து, அதோடு இந்த ‘இடைவெளி’யைக் கூட்டித்தான் கடத்தும் பட்டையின் இடத்தைக் குறிக்கிறோம். எக்ஸிட்டானைப் பிரிக்கத் தேவையான பிணைப்பு ஆற்றல் முழுவதும் அங்கே காணாமல் போகிறது. கடத்தும் பட்டை இருக்க வேண்டிய இடத்திலிருந்து கீழே இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. அதை வைத்து எலக்ட்ரான் எந்த அடுக்கிலிருந்து எந்த அடுக்குக்குப் போகும் என்று அம்புக்குறி போட்டால், அந்த அம்பு தவறான திசையைக்கூடக் காட்டலாம். ஒரு சூரிய மின்கலத்தின் விளக்கம் முழுவதும் அந்த அம்பை நம்பித்தான் நிற்கிறது.

1966-இல் டாக்கும் அவருடைய சகாக்களும் இந்த முறையைக் கொண்டுவந்தது படிக ஒழுங்கற்ற ஜெர்மானியத்துக்காக. அங்கே எக்ஸிட்டான் உச்சி என்ற பேச்சே இல்லை. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1957-இல், ஆர். ஜே. எலியட் எக்ஸிட்டானையும் பட்டை விளிம்பையும் சேர்த்து விவரிக்கும் சமன்பாட்டைத் தந்துவிட்டார். நமக்குத் தேவையானது அதுதான். பொருத்துவதற்கு ஒரு சாதாரண கணினி போதும்.

முப்பரிமாணப் பெரோவ்ஸ்கைட்டான மெத்தில்அம்மோனியம் லெட் அயோடைடில் எக்ஸிட்டான் கண்ணுக்கே தெரிவதில்லையே, அதற்கு எதற்கு இந்தக் கவலை என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதன் பிணைப்பு ஆற்றல் 1994-இல் 37 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்றும், 2003-இல் 50 என்றும் வெளியானது. இரண்டிலுமே மின்காப்பு மாறிலிக்கு (மின்புலத்தைப் பொருள் எவ்வளவு தணிக்கிறது என்பதன் அளவு) ஒரு மதிப்பை முன்கூட்டியே எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டார்கள். 2015-இல் மிக வலிமையான காந்தப்புலத்தில், அந்த ஊகத்துக்கு வேலையில்லாத வகையில், நேரடியாக அளந்தபோது குறைந்த வெப்பநிலையில் கிடைத்தது சுமார் 16 மட்டும். அறை வெப்பநிலையில் அது இன்னும் குறைவு. அங்கே வெப்ப ஆற்றலே ஏறத்தாழ 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்பதால், எக்ஸிட்டான்கள் பெரும்பாலும் தாமாகவே பிரிந்து, தனி எலக்ட்ரானாகவும் துளையாகவும் ஓடுகின்றன. அரை மைக்ரான் தடிமனே உள்ள படலம் இவ்வளவு நல்ல மின்கலமாக வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். இருந்தாலும் எலக்ட்ரானுக்கும் துளைக்கும் இடையிலான ஈர்ப்பு அங்கே மறைந்துவிடுவதில்லை. இடைவெளிக்கு மேலேயும் உட்கவர்தலை அது உயர்த்திக்கொண்டே இருக்கிறது. விளிம்பின் வடிவத்தையும் மாற்றுகிறது. உச்சி தெரியாத இடத்திலும் எலியட் சமன்பாடு தேவைப்படுவது இதனால்தான்.

அடுக்குப் பெரோவ்ஸ்கைட்டில் பிணைப்பு எவ்வளவு மாறுகிறது என்பதை மாணவர்களோடு ஒரு முறை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுமையான இருபரிமாணத்தில் பிணைப்பு ஆற்றல் முப்பரிமாணத்தைப் போல நான்கு மடங்காகும். 16-ஐ நான்கால் பெருக்கினால் 64. அளவீட்டில் வருவதோ சில நூறு. இடையில் விழும் பள்ளத்தை நிரப்புவது கரிம அடுக்கு. அதன் மின்காப்பு மாறிலி குறைவு என்பதால், எலக்ட்ரானுக்கும் துளைக்கும் இடையிலான மின்புலம் அங்கே தணிவதில்லை. எம்.எஸ்சி. முடித்து வரும் மாணவருக்கு இதைவிட நல்ல முதல் பயிற்சி எனக்குத் தோன்றவில்லை.

ஆய்வேடுகளில் நான் பார்க்க விரும்புவது இவ்வளவுதான். படலத்தின் தடிமனோடு மூல உட்கவர் நிறமாலையை அப்படியே தாருங்கள், வர்க்கப்படுத்திய வடிவத்தை மட்டும் அல்ல. ஒளிச்சிதறலுக்கு எப்படித் திருத்தம் செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். உச்சி இருந்தால், உச்சியின் ஆற்றலையும் இடைவெளியையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். இடைவெளியைப் பிரித்தெடுக்க முடியாவிட்டால், ‘எக்ஸிட்டான் உச்சி 2.4 எலக்ட்ரான் வோல்ட்’ என்று மட்டும் எழுதினாலே அது நேர்மையான, பயனுள்ள முடிவு. குளிர்விக்கும் வசதி உள்ள ஆய்வகம் அருகில் இருந்தால், ஒரு மாதிரியையாவது அங்கே அனுப்பி அளக்கச் சொல்லுங்கள். வெப்பநிலை இறங்க இறங்க உச்சியின் அகலம் குறைந்து, பட்டையின் விளிம்பு தனியே பிரிந்து தெரியும்.

வாய்மொழித் தேர்வுக்குத் தேர்வாளராகப் போகிறவர்களிடம் இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். டாக் வரைபடம் திரையில் வரும்போது, அந்தக் கோட்டை ஏன் அந்த இடத்தில் பொருத்தினீர்கள் என்று கேளுங்கள். அடுத்து, எக்ஸிட்டான் எங்கே என்று கேளுங்கள்.

பணிவன்புடன்,
குறைகடத்தி ஒளியியலில் ஆய்வு செய்யும் ஒருவர்