லொகேஷன் கேட்ட நடைக்குழு நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சனிக்கிழமை காலைகளில் சிங்கப்பூரின் மெக்ரிட்சியிலும் ரயில் பாதையிலும் என்னோடு நடக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்தபோது எடுத்த படங்களைக் குழுவில் போட்டதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. “தனியாகவா போனீங்க, பயமா இல்லையா?” என்கிறார்கள் சிலர். “அவ்வளவு பழங்காலப் பானை ஓடு கிடக்குதே, ஒன்றையாவது எடுத்து வந்திருக்கலாமே” என்கிறார்கள் சிலர். மிச்சம் பேர் கேட்பது ஒன்றே ஒன்று: “லொகேஷன் அனுப்புங்க.” ஆளாளுக்குப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் நடந்த பாதையில் ரகசியம் ஏதும் இல்லை. யூட்டாவின் தென்கிழக்கில் சீடர் மேசா என்று ஒரு மேட்டுநிலம். 261ஆம் நெடுஞ்சாலை ஓரமாக கேன் கல்ச் ரேஞ்சர் அலுவலகம் இருக்கிறது. அங்கிருந்து கேன் கல்ச் பள்ளத்தாக்குக்குள் ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக நடந்தால், அது போய் கிராண்ட் கல்ச் என்ற பெரிய பள்ளத்தாக்கோடு சேரும் இடம் வரும். அங்கே பாறைக் குடைவுக்குள் ஒரு பழங்காலக் குடியிருப்பு. ஜங்ஷன் என்று வரைபடத்திலேயே பெயர் போட்டிருக்கும். காலையில் இறங்கினால் சாயங்காலத்துக்குள் மேலே வந்துவிடலாம். ஒரு நாள் நடைக்கும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

தனியாகப் போவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பயம் இருந்தது, இருக்கவும் வேண்டும். நம் ஊர் நடைக்குப் பழகிய உடம்புக்கு அந்த நிலம் எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும். புக்கிட் தீமாவில் 164 மீட்டர் ஏறினால் உச்சி, அப்புறம் இறக்கம்தான். அங்கே இறக்கம் முதலில், ஏற்றம் கடைசியில், அதுவும் கால் ஓய்ந்த பிறகு. பாதை தொடங்கும் இடமே கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு நெருக்கமாக இருப்பதால் மூச்சும் வாங்கும். இங்கே பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும், தண்ணீர் குடிக்கச் சொல்லி உடம்பே கேட்கும். அங்கே காற்று அவ்வளவு வறண்டது, வியர்ப்பதே தெரியாது. கன்னத்தைத் தடவிப் பார்த்தால் உப்பு நறநறக்கும், அவ்வளவுதான். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் முதுகில் இருக்க வேண்டும். பள்ளத்தாக்குச் சுனைகளை நம்பிப் போகாதீர்கள், பாதி நாள் வறண்டுதான் கிடக்கும்.

மழையும் அப்படித்தான். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே இடிமழைக் காலம். தலைக்கு மேல் நீல வானம் இருக்கும். எங்கோ தொலைவில் பெய்த மழை, பாறையில் துளியும் ஊறாமல், பள்ளத்தாக்கு வழியாகச் செம்மண் சுவராக வந்து நிற்கும். இங்கே வெள்ள எச்சரிக்கை கைத்தொலைபேசிக்கு வந்துவிடும். அங்கே கீழே இறங்கியபின் சிக்னலே கிடையாது. அதனால்தான் நான் அக்டோபரைத் தேர்ந்தெடுத்தேன்.

சிக்னல் இல்லை என்பதால் இன்னொன்றும். அமெரிக்க மலையேறி ஏரன் ரால்ஸ்டன் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 2003இல் அதே யூட்டாவின் புளூஜான் பள்ளத்தாக்கில் பாறை உருண்டு கை சிக்கிக்கொண்டது. ஐந்து நாளுக்கு மேல் கிடந்து, கடைசியில் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவர் தனியாகப் போனதைத்தான் எல்லாரும் பேசுகிறோம். எங்கே போகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நான் கிளம்புமுன் பாதை, திரும்பும் நேரம், இத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும், எல்லாவற்றையும் தாளில் எழுதி என் தங்கையிடமும் விடுதியிலும் கொடுத்தேன். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியும் பையில் இருந்தது. ஆகவே குழுவில் யாராவது, குறிப்பாகப் பெண்கள், தனியாகப் போகிறேன் என்றால் “வேண்டாம்மா” என்று நிறுத்திவிடாதீர்கள். இந்தத் தாளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது உதவி.

சரி, பானை ஓட்டுக்கு வருகிறேன்.

அந்த ஜங்ஷன் குடைவுக்குக் கீழே நின்றால் முதலில் கண்ணில் படுவது கற்சுவர். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கற்களுக்கு நடுவே பூசிய சேறு தெரியும். அதில் விரல் அழுத்திய தடங்கள். எழுநூறு ஆண்டுக்கு மேல் பழைய விரல்கள். தரையில் சுண்டுவிரல் நீளத்துக்கு மக்காச்சோளத் தண்டுகள், மணி உதிர்ந்து, நேற்றுத் தின்று போட்டவை போலக் கிடக்கின்றன. மழை படாத குடைவு என்பதால் எதுவும் மக்கவில்லை. வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட ஓடுகள் சில, விரலால் கிள்ளிக் கிள்ளி வரி போட்ட சாம்பல் நிற ஓடுகள் சில. இங்கே வாழ்ந்த மக்கள் 1200களின் இறுதியில் இங்கிருந்து தெற்கே போனார்கள். 1276 முதல் 1299 வரை நீண்ட கடும் வறட்சியும் அதற்கு ஒரு காரணம் என்பதைப் பழைய மரங்களின் ஆண்டு வளையங்கள் காட்டுகின்றன. ஹோப்பி, ஸூனி முதலிய பியூப்லோ பழங்குடி மக்கள் அவர்களின் வழிவந்தவர்கள். தங்கள் முன்னோர் இன்னும் அங்கே இருப்பதாகவே நினைக்கிறார்கள். யாரோ ஒருவருடைய பாட்டன் வீட்டு முற்றம் அது.

ஓடு எடுப்பது சட்டப்படியும் குற்றம். அமெரிக்காவின் 1979ஆம் ஆண்டுத் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டம் அதைத் தெளிவாகத் தடுக்கிறது. பக்கத்து ஊரான பிளாண்டிங்கை மையமாக வைத்து 2009இல் தொல்பொருள் திருட்டுக்காக நடந்த சோதனையில் இருபது பேருக்கு மேல் வழக்கில் சிக்கினார்கள். ஆனால் சட்டத்தைவிட நமக்கு நெருக்கமான ஒரு காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் மூன்று மீட்டர் உயரத்துக்கு ஒரு மணற்கல் நின்றது, ஏறத்தாழ ஐம்பது வரி எழுத்தோடு. 1843இல் வழியை அகலப்படுத்த அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது தேசிய அரும்பொருளகத்தில் இருப்பது ஒரு துண்டு. என்ன மொழி, என்ன செய்தி என்று இன்றுவரை முடிவாகவில்லை. மீதி வரிகள் இருந்திருந்தால் படித்திருப்பார்களோ என்னவோ. ஓர் ஓட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாலும் அதே கதைதான், சின்ன அளவில். எந்தச் சுவரோரம், எந்த ஓடுகளோடு கிடந்தது என்பதில்தான் அதன் காலமும் கதையும் இருக்கிறது. தெம்பனிஸ் வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடு.

லொகேஷனுக்கும் இதுதான் பதில். நான் போட்ட படங்களில் பெரும்பாலானவை ஜங்ஷன். அதைத் தாராளமாகத் தேடிப் போங்கள். தானியக் குதிர் மாதிரி சின்னதாக ஒன்றும், பாறையில் கைத்தடங்கள் உள்ள ஒன்றும் மட்டும் வேறு இடங்கள். வரைபடத்தில் பெயர் இல்லாதவை. வேலியோ காவலோ கிடையாது. அவற்றின் லொகேஷன் பின்னை (வரைபடத்தில் குத்தும் குறியை) கேட்டால் தர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். குழுவில் இருநூறு பேர் இருக்கிறோம். ஆளுக்கு இரண்டு பேரிடம் அனுப்பினால் போதும். ஒருவர் சுவரில் சாய்வார், ஒருவர் கைத்தடத்தின் மேல் தன் கையை வைத்துப் படம் எடுப்பார். கெட்ட எண்ணமே வேண்டியதில்லை.

குழு நடத்தும் அண்ணனிடம் ஒரு வேண்டுகோள். என் படத்தின் பின்னணிப் பாறையை வைத்து ஒரு தம்பி அந்தக் குதிரின் இடத்தைக் கண்டுபிடித்து, பகிர்ந்த ஆல்பத்தில் பின் குத்தியிருக்கிறார். கெட்டிக்காரத்தனம்தான், பாராட்டுகிறேன். அதை இன்றைக்கே நீக்கிவிடுங்கள், அண்ணே. அடுத்த அக்டோபரில் போக நினைப்பவர்கள் என்னைத் தனியாக அழையுங்கள். தாள் வரைபடம் என்னிடம் இருக்கிறது, இரவல் தருகிறேன். தண்ணீர்ப் பையும் இரண்டு இருக்கிறது. ஒன்றின் மூடி மட்டும் லேசாக ஒழுகும்.

அன்புடன்,
உங்களோடு கடைசி வரிசையில் நடக்கும் அக்கா