106 டிகிரிதானேன்னு விட்டுடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல அமெரிக்கக் கோடை ரெக்கார்டு பத்தி வந்த கட்டுரை படிச்சேன். 1913 ஜூலை 10ல கலிஃபோர்னியா பாலைவனத்துல இருக்கற டெத் வேலில 134 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் 1936ல வடக்கு டகோட்டா, பிப்ரவரில மைனஸ் 60க்கு இறங்கின அதே மாநிலம் ஜூலைல 121 தொட்டது, எல்லாம் நல்லாவே எழுதியிருந்தீங்க. ஆனா சிகாகோ 1995க்கு மட்டும் 106 டிகிரி அடிச்சதுன்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க. நான் சிகாகோ பக்கத்துலதான் பல வருஷமா இருக்கேன், படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

வேலூர்லயோ கரூர்லயோ இருந்து படிக்கிறவங்களுக்கு 106 ஒரு வெயிலே இல்ல. எங்க அண்ணன்கூட போன்ல "இதுக்கெல்லாமா ஆளு சாவாங்க"ன்னு கேட்டார். ஜூலை மாசம் அந்த ஒரு வாரத்துல மட்டும் 739 பேர் செத்துப் போனாங்க. வழக்கமா அந்த நாள்கள்ல எத்தனை பேர் இறப்பாங்களோ அதைக் கழிச்சதுக்கு அப்புறம் வந்த கணக்கு இது. பிணவறைல இடம் பத்தாம வெளிய குளிர்பதன லாரிகளை வரிசையா நிறுத்தி அதுல உடல்களை வெச்சாங்க.

தெர்மாமீட்டர் நம்பர் இங்க பாதிக் கதைதான். அந்த வாரம் காத்துல அவ்வளவு ஈரம், வேர்வை காயவே இல்ல, உடம்புக்கு 120க்கு மேல இருக்கற மாதிரி உறைச்சுது, ராத்திரியாவது கொஞ்சம் இறங்குமான்னா 80க்குக் கீழ வராத ராத்திரியும் இருந்துச்சு. செங்கல் கட்டடம், மேல தார் பூசின மொட்டை மாடி, பகல் பூரா குடிச்ச சூட்டை ராத்திரி பூரா உள்ள விட்டுக்கிட்டே இருக்கும். ஏசி வாங்க வசதி இல்லாத வயசானவங்க திருட்டு பயத்துல ஜன்னல், கதவு எல்லாத்தையும் சாத்திட்டு ஃபேன் மட்டும் போட்டுட்டு உக்காந்திருந்தாங்க, அந்த ஃபேன் அனல் காத்தைத்தான் சுத்திவிட்டுச்சு, இதுல டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு ஆயிரக்கணக்கான வீட்டுக்கு கரண்ட்டும் போச்சு.

அப்போ சிகாகோ மேயரா இருந்த ரிச்சர்ட் டேலி, பிரேதப் பரிசோதனைத் துறை சொன்ன சாவுக் கணக்கையே நம்பல, வெயில்னால செத்தவங்கன்னு எப்படிச் சொல்றீங்கன்னு கேட்டார். அந்தத் துறைத் தலைவர் எட்மண்ட் டோனஹ்யூ அசையவே இல்ல, நான் எண்ணினது சரின்னு நின்னார், பின்னாடி வந்த ஆய்வும் அவர் பக்கம்தான் சொல்லுச்சு. அந்த மனுஷன் அன்னிக்கு வளைஞ்சு கொடுத்திருந்தா செத்தவங்க எல்லாரும் ஏதோ மாரடைப்பு கணக்குல காணாமப் போயிருப்பாங்க. எனக்கு அவர் மேல பெரிய மரியாதை.

உங்க கட்டுரைல கண்டிப்பா வந்திருக்க வேண்டியது இன்னொண்ணு. சிகாகோல நார்த் லான்டேல், சவுத் லான்டேல்னு பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஏரியா, ரெண்டுலயும் ஏழைங்கதான் அதிகம், தனியா இருக்கற வயசானவங்களும் நிறைய, ஒரே வெயில். ஆனா நார்த்ல சாவு விகிதம் சவுத்தை விட பத்து மடங்கு! சவுத்ல தெரு பூரா கடை, ஜனம் நடமாடிக்கிட்டே இருக்கும், பெருசுங்க பயப்படாம இறங்கி நடப்பாங்க, ஏசி போட்ட கடைல போய் நிப்பாங்க. நார்த்ல ஃபேக்டரிங்க மூடி, கடைங்க மூடி, வீடுங்க பாழடைஞ்சு, வெளிய வரவே ஜனங்க பயந்தாங்க. செத்தவங்கள்ல பல பேரைத் தேடி யாருமே வரல, வாங்கிக்க ஆளில்லாத உடல்களை ஊருக்கு வெளிய ஒரே குழில புதைச்சாங்க. இதை எத்தனை தடவை படிச்சாலும் எனக்குத் தொண்டை அடைச்சிடும்.

1999ல திரும்ப ஒரு வெயில் வந்துச்சு. இந்தத் தடவை நகராட்சி முன்னாடியே எச்சரிக்கை கொடுத்துச்சு, தனியா இருக்கற முதியவங்களுக்கு போன் போட்டாங்க, போலீஸ்காரங்க கதவைத் தட்டிப் பாத்தாங்க, குளிர்ச்சியான இடங்களுக்கு இலவச பஸ் விட்டாங்க. அப்பவும் சுமார் 110 பேர் போயிட்டாங்க, ஆனா 739 எங்க, 110 எங்க.

பழைய கதைன்னு யாராவது சொன்னா, 2023ல அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ்ல 31 நாள் தொடர்ந்து பகல் உச்சம் 110 டிகிரிக்குக் குறையல, அந்த வருஷம் அந்த ஊர் இருக்கற மாரிகோபா கவுன்ட்டில (மாவட்டம் மாதிரி) மட்டும் 645 பேர் வெயில்ல செத்தாங்க. வீட்டுக்குள்ள செத்தவங்கள்ல முக்காவாசி பேர் வீட்டுல ஏசி இருந்துச்சு சார், ஓடத்தான் இல்ல.

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை வெயில் பத்திப் போடும்போது உச்ச அளவு மட்டும் போடாம ராத்திரி எவ்வளவு இறங்குச்சுன்னும் போடுங்க, எத்தனை பேர் போனாங்க, எந்தத் தெருவுல போனாங்கன்னும் போடுங்க. சிகாகோ 1995க்குத் தனியா நாலு பக்கம் ஒதுக்கினா இன்னும் சந்தோஷம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நேப்பர்வில், இல்லினாய்ஸ்